கடை வாசலில் பாசி: கண்டுகொள்ளாமல் விடலாமா?

மழைக்காலம் வருகிறது என்றால் வணிகர்களாகிய நாம் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறோம். ஓடு உடைந்திருக்கிறதா, தார்ப்பாய் கிழிந்திருக்கிறதா, கிட்டங்கியில் மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கப் பலகை போதுமா என்றெல்லாம் கவனிக்கிறோம். சரக்கைக் காப்பாற்ற இத்தனை ஏற்பாடு செய்யும் நாம், அந்தச் சரக்கைத் தலையில் சுமந்து வருபவர் கால் வைக்கும் தரையைக் குனிந்து பார்ப்பதில்லை. லாரி நிற்கும் முற்றம், மூட்டை இறக்கும் மேடை, கடைக்குப் பின்னால் உள்ள சந்து, மொட்டை மாடி ஆகிய இடங்களில் சிமெண்ட் தரை மெல்லப் பச்சை பிடிக்கிறது. பிறகு கறுக்கிறது. ஒரு நாள் யாராவது விழுந்த பிறகுதான் "அடடா, பாசி பிடித்திருக்கிறதே" என்கிறோம்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் நனையும் தரை சரியாகக் காய்வதற்குள் அக்டோபர் வந்துவிடும். ஆகவே பாசியோடு மல்லுக்கட்டுவது எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கு ஆண்டுதோறும் உள்ள வேலை. அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை மற்ற ஊர் வணிக நண்பர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒரு மூட்டையால் வந்த வினை

2021-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் நடந்தது இது. ஒரு மளிகை மொத்தக் கடையின் பின்வாசலில் பருப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாயின் தண்ணீர் அந்த வாசலில்தான் விழும். வருடக்கணக்காக விழுந்து விழுந்து அங்கே இரண்டு முழ அகலத்துக்குப் பாசி படர்ந்திருந்தது. இறக்க வந்த தொழிலாளிகளில் மூத்தவர் முதல் நடையிலேயே, "முதலாளி, இந்த இடத்துல கால் நிக்கல" என்று சொல்லியிருக்கிறார். "மழை விடட்டும், தேய்ச்சு விடுவோம்" என்று பதில் வந்திருக்கிறது. ஏழாவது நடையோ எட்டாவது நடையோ, 50 கிலோ மூட்டையோடு அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து உள்ளே தகடு வைத்தார்கள். ஐந்து மாதம் வீட்டில் கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் மூட்டை தூக்க முடியவில்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். மருத்துவச் செலவைப் பார்த்துக்கொண்டார், மாதாமாதம் அரிசியும் கொடுத்தார். ஆனால் இன்னொருவர் உழைப்பை அரிசியால் ஈடுகட்ட முடியுமா? அந்தத் தொழிலாளியின் மகன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். கடைக்காரருக்கும் நிம்மதி போயிற்று. அதற்கப்புறம் ஆறு மாதம் அந்தக் கடைக்கு மூட்டை இறக்க மற்றவர்கள் தயங்கினார்கள். இத்தனைக்கும் காரணம் இரண்டு முழப் பாசி. அதை அகற்றத் தேவைப்பட்டிருக்கக் கூடியது அரை மணி நேரமும், நம் கடையிலேயே கிடைக்கும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும்தான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். வயதான அம்மாக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு வரும் பெண்கள் எல்லாம் நம் வாசலை மிதித்துத்தான் உள்ளே வருகிறார்கள். நம் கடை வாசலில் ஒருவர் விழுந்து அடிபட்டால், அதற்கான பொறுப்பைச் சட்டம் ஒரு பக்கம் கேட்கும். மனச்சாட்சி அதற்கு முன்பே கேட்கும்.

பாசி ஏன் வருகிறது?

புதிதாகப் போட்ட கான்கிரீட் தரையில் பாசி எளிதில் பிடிப்பதில்லை. சிமெண்டில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் புதுத் தரை கடுமையான காரத்தன்மையோடு இருக்கும். அந்தக் காரத்தில் பாசி உயிர் வாழாது. ஆனால் காற்றில் உள்ள கரியமில வாயு தரையின் மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்போடு நாளடைவில் சேர்ந்து காரத்தைக் குறைக்கிறது. மழைநீரும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்குகிறது. அதன் பிறகு காற்றில் பறந்து வரும் பாசியின் நுண்ணிய விதை போன்ற துகள்கள் அந்தச் சிறு குழிகளில் தங்கி வளர ஆரம்பிக்கின்றன. "போட்ட வருஷம் தரை கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது இப்படி ஆகிவிட்டது, கொத்தனார் ஏமாற்றிவிட்டார்" என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. கொத்தனாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இது சிமெண்டின் இயல்பு.

பாசி வளர ஈரம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், சிறிதளவு சத்து வேண்டும். வெளிச்சத்தை நாம் தடுக்க முடியாது. சத்து தூசியிலும், உதிர்ந்த இலையிலும், சோப்புத் தண்ணீரிலும், சிந்திய உரத்திலும் கிடைத்துவிடும். நம் கையில் இருப்பது ஈரத்தைத் தடுப்பது ஒன்றே. எங்கே ஈரம் காயாமல் இருக்கிறதோ அங்கேதான் பாசி. பொதுவாக மதிய வெயில் சுள்ளென்று விழும் இடத்தைவிட, வடக்குச் சுவரோரத்திலும் நிழல் விழும் சந்திலும் பாசி அதிகமாக இருப்பதைக் கவனித்தால் இது விளங்கும்.

பச்சையாகத் தெரிவது மட்டும் பாசி அல்ல. கோடையில் காய்ந்து கறுப்பு நிறத்தில் தரையோடு ஒட்டிக்கிடப்பதும் பெரும்பாலும் பாசி இனம்தான். அது பார்க்கச் செத்ததுபோல் இருக்கும். முதல் மழையில் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். முதல் மழையன்று வழுக்கி விழுபவர்கள் அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே காய்ந்து கிடக்கிறதே என்று அலட்சியமாக விடக்கூடாது.

சரக்குக்கும் ஆபத்து

பாசி காலை மட்டும் வாருவதில்லை. மொட்டை மாடியில் பிடிக்கும் பாசி மழைநீர் வெளியேறும் துவாரத்தை அடைக்கிறது. தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய தண்ணீர் தட்டோட்டின் இணைப்புகள் வழியாகக் கீழே இறங்கிக் கிட்டங்கியில் உள்ள சர்க்கரை மூட்டையையும் மிளகாய் வற்றலையும் நனைக்கிறது. பாசியின் ஈரத்தில் பறவைகள் போட்ட அரச விதை முளைத்து, அதன் வேர் சுவரையே பிளப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அதனால் மாடியைச் சுத்தம் செய்வதும் சரக்கைக் காக்கும் வேலையில் சேர்ந்ததுதான்.

அகற்றும் முறை

எங்கள் பகுதியில் பெரும்பாலோர் கையாளும் முறையை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் கனமாகப் படர்ந்துள்ள பாசியைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே கொத்தனார் கரண்டியாலோ தட்டையான மண்வெட்டியாலோ வழித்து எடுத்தால் தோல்போல் உரிந்து வரும். அதன் பிறகு கெட்டியான ஈர்க்குமாறு அல்லது பிளாஸ்டிக் நார் பிரஷ் கொண்டு தேய்க்கலாம். வழித்ததைச் சாக்கடையில் தள்ளிவிடாமல் கூடையில் அள்ளிக் குப்பையில் சேர்க்க வேண்டும். சாக்கடையில் தள்ளினால் அடுத்த மழைக்கு அடைப்பு எடுக்க ஆள் தேட வேண்டி வரும்.

இரண்டாவதாக, பிளீச்சிங் பவுடர் கரைசல். தரமான புதுப் பவுடரில் நூற்றுக்குச் சுமார் 33 பங்கு செயல்படும் குளோரின் இருக்கும். அப்படிப்பட்ட பவுடரில் 30 கிராம் எடுத்து 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஏறத்தாழ ஒரு சதவீதக் குளோரின் கரைசல் கிடைக்கும். பாசிக்கு இது போதும். 100 சதுர அடித் தரைக்கு 5 லிட்டர் கரைசல், அதாவது 150 கிராம் பவுடர் தேவைப்படும். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டுச் சிறிது தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்த்துக் கலக்க வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. அரை மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துப் பயன்படுத்தினால் தரையில் வெள்ளைத் திட்டு விழாது.

மூன்றாவதாக, அந்தத் தெளிந்த நீரைத் தரை முழுதும் நனையும்படி ஊற்றிப் பரப்பி, சுமார் 20 நிமிடம் காயாமல் வைத்திருக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் செய்தால் குளோரின் வேகமாக வீணாகும், தரையும் காய்ந்துவிடும். ஆகவே மாலையில் கடை கட்டும் நேரம் அல்லது வார விடுமுறை நாள் ஏற்றது. பச்சை வெளுத்துப் பழுப்பாகும். பிறகு நன்றாகத் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். கறுத்துத் தடித்த இடங்களுக்கு மட்டும் இரண்டாம் முறை தேவைப்படலாம்.

நான்காவதாக, தரை முழுதும் காயும்வரை அந்த வழியாக மூட்டை எடுக்க விடாதீர்கள். ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டினால் போதும்.

வேலை செய்பவர் கையுறை அணிய வேண்டும், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காற்று வீசும் திசைக்கு எதிர்முகமாக நிற்காமல் காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். துணிமணியில் பட்டால் சாயம் போய்விடும். சாக்கில் பட்டால் சணல் நார் இற்றுப்போகும். கிட்டங்கிக் கதவைச் சாத்திவிட்டுச் செய்வது நல்லது. தேயிலை, அரிசி, மசாலாச் சாமான்கள் குளோரின் வாடையைப் பிடித்துக்கொண்டால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கழுவிய தண்ணீர் மாடு குடிக்கும் தொட்டிக்கோ, மீன் வளர்க்கும் குளத்துக்கோ, செடிகளின் வேருக்கோ போகாமல் திருப்பிவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்ப்பது உயிருக்கே உலை வைக்கும். "இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம்" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று பெல்ஜியம் நாட்டு ஈப்ரு நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அடைத்த சந்தில், மூடிய கழிப்பறையில் இப்படிக் கலப்பவர் மூச்சுத் திணறி விழுந்துவிடுவார். அம்மோனியா கலந்த சுத்திகரிப்புத் திரவம், யூரியா ஆகியவற்றோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது.

ஆசிட்டைத் தனியாக ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். பாசி போகும், கூடவே சிமெண்டும் போகும். ஆசிட் சிமெண்டைக் கரைத்து ஜல்லியை வெளியே காட்டிவிடும். தரை முன்னைவிடச் சொரசொரப்பாகி, அடுத்த மழைக்குப் பாசி முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். காடி ஊற்றுவதும் சிறிய அளவில் இதே வேலையைத்தான் செய்யும். உப்பைக் கொட்டுவதும் தவறு. உப்புநீர் உள்ளே இறங்கினால் கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி துருப்பிடிக்கும்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அது நஞ்சு. உணவுப் பொருள் புழங்கும் இடத்தில் அதைத் தெளிக்கலாகாது. சாம்பல், மணல் போடுவது அன்றைய பொழுதுக்குக் கால் பிடிக்க உதவும், பாசியைப் போக்காது. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை இப்போது வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பழைய தரையில் அதை மிகக் கிட்டத்தில் பிடித்தால் மேல்பூச்சே பெயர்ந்துவிடும். தள்ளிப் பிடித்துப் பயன்படுத்தலாம்.

நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து மாடியில் பூசுவது நம் முன்னோர் வழக்கம். அதில் பொருள் இருக்கிறது. சுண்ணாம்பின் காரம் பாசியை அண்ட விடாது, கோடையில் வெப்பத்தையும் குறைக்கும். ஆனால் நாளடைவில் காற்றுப் பட்டுக் காரம் இழந்துவிடுவதால் ஆண்டுக்கு ஒரு முறை பூச வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள வாசலுக்கு இது ஒத்துவராது. காலில் ஒட்டிக் கடைக்குள் வந்துவிடும்.

திரும்ப வராமல் தடுப்பது

அகற்றுவதோடு வேலை முடியவில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாடிக் குழாயின் வாய் வாசலில் முடிந்தால், இன்னும் நாலடிக் குழாய் சேர்த்து ஓடையில் விடலாம். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தால் மிதவை வால்வைச் சரிசெய்ய வேண்டும். குளிர்சாதன இயந்திரத்தின் சொட்டு நீர் நாள் முழுதும் ஒரே இடத்தில் விழும். அதற்கு ஒரு வாளியோ குழாயோ வைக்கலாம். தரைமேல் அடுக்கிய காலிப் பெட்டிகளையும் பூந்தொட்டிகளையும் எடுத்துவிட்டால் காற்றும் வெயிலும் படும்.

புதிதாகத் தரை போடுகிறவர்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று, வாட்டம். பத்தடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காது. கொத்தனார் போன பின் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, தேங்கினால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். இரண்டு, வழவழப்பு. அழகுக்காகச் சிமெண்ட் பால் தேய்த்து மெழுகியதுபோல் ஆக்குவது வீட்டு அறைக்குச் சரி, மூட்டை இறக்கும் வாசலுக்குச் சரியல்ல. ஈரம் காய்வதற்கு முன் விளக்குமாற்றை நடக்கும் திசைக்குக் குறுக்காக இழுத்துக் கோடு போட்டால் கால் பிடிக்கும்.

விற்கும் நமக்குரிய கடமை

பாசியைப் போக்கும் பொருளை விற்பவர்களும் நாம்தான். பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்து வைத்தால் நாளுக்கு நாள் வீரியம் குறையும். ஈரம் பட்டுக் கட்டி தட்டிய பவுடரை விற்றால் வாங்கியவர் "இந்தக் கடை பவுடர் வேலை செய்யவில்லை" என்றுதான் சொல்வார். காற்றுப் புகாத சிறு பொட்டலங்களாகப் போட்டு, பொட்டலம் போட்ட தேதியை எழுதி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். எண்ணெய், மண்ணெண்ணெய், கற்பூரம், சர்க்கரை, ஆசிட் ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது. இது தீப்பிடிப்பதைத் தூண்டும் இயல்புள்ள பொருள். உணவுப் பொருளிலிருந்து தனி அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

ஆசிட் விற்பனையில் இன்னும் கவனம் வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, வாங்குபவர் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், வாங்கும் காரணத்தைக் கேட்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. பாசி தேய்க்க ஆசிட் கேட்டு வருபவருக்கு, "அது தரையைத் தின்றுவிடும், பிளீச்சிங் பவுடரே போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். விற்பனை கொஞ்சம் குறையலாம், நம்பிக்கை கூடும்.

சங்கம் செய்யக்கூடியது

"என் வாசல் சுத்தமாக இருக்கிறது, பொதுச் சந்துதான் மோசம், அது உள்ளாட்சியின் வேலை" என்று பல நண்பர்கள் சொல்கிறார்கள். வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தில் இறங்குவது நம் சரக்கு, நடப்பவர் நமக்கு உழைப்பவர். உள்ளாட்சிக்கு மனு கொடுப்போம், அதோடு நிற்க வேண்டாம். ஒவ்வொரு தெருவிலும் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து, பருவமழைக்கு முன் ஒரு விடுமுறை நாளில் பொதுச் சந்தைக் கழுவிவிடலாம். எங்கள் பக்கம் மே மாதக் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் செய்தால் இரண்டு மழைக்கும் தாங்கும். வடகிழக்குப் பருவமழை மட்டும் பெறும் ஊர்களுக்குச் செப்டம்பர் ஒன்றே போதும். செலவைப் பங்கிட்டால் ஒரு கடைக்கு ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்கு மேல் வராது.

வேலை செய்பவர் "இங்கே கால் நிற்கவில்லை" என்று சொன்னால், அதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வோம். அந்த நடையை அப்போதே நிறுத்திவிட்டு, ஒரு சாக்கையாவது விரித்துப் போட்ட பிறகு அடுத்த மூட்டையைத் தூக்கச் சொல்வோம். மழை விட்டதும் தேய்த்துக் கழுவுவோம். நாளைக் காலை கடை திறக்கும்போது, பூட்டைத் திறப்பதற்கு முன் ஒரு முறை வாசலைச் சுற்றிப் பாருங்கள். எங்கே பச்சை தெரிகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.